ஏரி வாரியம் முதல் நெல்வயல் வரை

நான் வாழும் வேங்கிக்காலின் பெயரிலுள்ள ‘கால்’ என்னும் சொல் வாய்க்காலையும் குறிக்கும். நீரைப் பேணுதல் நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரியைக் கண்காணித்த ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. இன்று எங்கள் மாவட்டத்திலுள்ள சாத்தனூரில், 1958-இல் தென்பெண்ணைக்குக் குறுக்கே அணை எழுந்தது. ஆயினும், தேக்கிய நீரை அளந்து பாய்ச்சாவிடில் கடைமடை வாடும்.

நெல்வயலில் எந்நாளும் நீர் நிற்கவேண்டும் என்பது நெடுநாளைய எண்ணம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் திருந்திய நெல் சாகுபடி அதனை மாற்றியது: கதிர் உருவாகும்வரை, மண்ணில் மயிரிழை வெடிப்புத் தோன்றிய பின்னர் 2.5 சென்டிமீட்டர் உயரம் நீர் கட்டினால் போதும். மற்றப் பயிர்களுக்கெனச் சிறு, குறு உழவர்க்கு அரசு சொட்டுநீர்ப் பாசனத்தை முழு மானியத்தில் அமைத்துத் தருகிறது.

அன்று ஏரியைக் காத்தனர்; இன்று துளியையும் காத்தல் வேண்டும். தலைமடையில் மிஞ்சும் நீரே கடைமடை உழவனின் சோறு.