பென்னி லாவா முதல் நேசமணி வரை

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்காரர் ஒருவர் 2007 ஆகஸ்டில் யூடியூபில் ஒரு தமிழ்ப் பாட்டை ஏற்றினார். 'பஃபலாக்ஸ்' என்பது அங்கே அவர் வைத்துக்கொண்ட பெயர். தமிழ் அவருக்குத் துளியும் தெரியாது. பாட்டு, 2000-இல் வெளிவந்த 'பெண்ணின் மனதைத் தொட்டு' படத்தில் பிரபுதேவாவும் ஜெயா சீலும் ஆடிய 'கல்லூரி வானில்'. ஒவ்வொரு வரியும் தன் காதில் எப்படி விழுந்ததோ, அதற்கு நெருங்கிய ஆங்கிலச் சொற்களைப் பொறுக்கியெடுத்து சப்டைட்டிலாகப் போட்டார். நிலாவைப் பற்றிய வரியின் வால் 'பென்னி லாவா' என்று யாரோ ஓர் ஆளின் பெயராயிற்று. காதல் பாட்டுக்குள் பன் ரொட்டி வந்தது, எஞ்சின் வந்தது. எஸ்.ஏ.ராஜ்குமாரின் மெட்டும் பிரபுதேவாவின் கால்களும் மட்டும் மாறாமல் இருந்தன.

அந்த வீடியோ பரவிய வேகத்தில், அமெரிக்கக் கல்லூரி விடுதிகளில் பிரபுதேவாவுக்கே பென்னி லாவா என்று பெயர் விழுந்தது. வேற்றுமொழிப் பாட்டுக்கு இப்படிக் காதில் விழுந்ததை எழுதிப்போடும் வழக்கத்துக்கும் பஃபலாக்ஸின் பெயரே வினைச்சொல்லாக ஒட்டிக்கொண்டது. பார்த்த தமிழர்களில் சிலர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேறு சிலருக்கு உள்ளூர உறுத்தியது. சிரிப்பது யார், யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்ற கேள்வி அந்த உறுத்தலில் இருந்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் தமிழ் வீடியோக்கள் இணையத்தில் போன வழியை அந்த ஒரு கேள்வியை வைத்தே சொல்லிவிடலாம்.

பஃபலாக்ஸ் செய்தது புது வித்தை அல்ல. 2000-ஆம் ஆண்டிலேயே ஸ்வீடனில் சிலர், லெபனான் பாடகர் அஸார் ஹபீபின் அரபுப் பாட்டை ஸ்வீடிஷ் மொழியாகக் 'கேட்டு', தொப்பியைப் பற்றிய ஓர் அபத்தப் பாட்டாக்கி ஃப்ளாஷ் அசைபடமாக உலவவிட்டிருந்தார்கள். அதற்கும் முன்னால், 1996-இல், முப்பரிமாண அசைவூட்ட மென்பொருளின் திறமையைக் காட்டச் செய்த ஆடும் குழந்தை ஒன்று மின்னஞ்சலில் ஏறி அலுவலகம் அலுவலகமாகப் போயிற்று. 1998-இல் அது அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 'அல்லி மெக்பீல்' வரை போய்ச் சேர்ந்தது. அன்றைக்கெல்லாம் ஒரு வீடியோ பரவவேண்டுமானால் கோப்பு சிறியதாக இருக்கவேண்டும், அதை அனுப்பிவைக்க ஒரு நண்பர் இருக்கவேண்டும். 2005 ஏப்ரல் 23 அன்று சான் டியேகோ மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று ஒருவர் பேசும் வீடியோ யூடியூபில் ஏறியது. அதுதான் அந்தத் தளத்தின் முதல் வீடியோ. நீளம் இருபது விநாடிகூட இல்லை. பேசியவர் தளத்தை நிறுவிய மூவரில் ஒருவரான ஜாவத் கரீம். அதன்பின் வீடியோவை அனுப்பவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. சுட்டியை அனுப்பினால் போதும்.

அந்தச் சுட்டிகளில் ஒன்றாகத்தான் 2006-இல் 'லிட்டில் சூப்பர்ஸ்டார்' கிளம்பியது. எஸ்.பி.முத்துராமன் இயக்கி 1990-இல் வந்த 'அதிசய பிறவி' படத்தின் ஒரு துண்டு அது. ரஜினிகாந்த் ரசித்துப் பார்க்க, நகைச்சுவை நடிகர் கிங்காங் பிரேக் டான்ஸ் ஆடுவார். பின்னணியில் ஓடுவது எம்.சி. மைக்கர் ஜி, டி.ஜே. ஸ்வென் என்ற இரு டச்சு இளைஞர்கள் 1986-இல் பாடிய 'ஹாலிடே ராப்'. அந்தப் பாட்டே மடோனாவின் 'ஹாலிடே'யிலிருந்து எடுத்தது. ஆக, அமெரிக்க மெட்டு நெதர்லாந்துக்குப் போய், அங்கிருந்து கோடம்பாக்கத்துக்கு வந்து, பதினாறு வருஷம் கழித்து ஒரு தமிழ் நடிகரின் ஆட்டமாக அமெரிக்காவுக்கே திரும்பியது. பார்த்த வெள்ளைக்காரர்களில் பெரும்பாலோருக்கு கிங்காங்கின் பெயர் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் யார் என்பதும் தெரியாது. நம் ஊரில் அந்தக் காட்சியைப் பார்ப்பவர்களின் கண் முதலில் ரஜினியின் மேல்தான் போகும். அங்கே ரஜினி வெறும் துணை நடிகர்.

தமிழ் மட்டும் இப்படிச் சிக்கவில்லை. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' சாயலில் சிரஞ்சீவி 1985-இல் 'தொங்கா' என்ற தெலுங்குப் படத்துக்காக ஆடிய 'கோலிமார்' பாட்டும் 'இந்தியன் த்ரில்லர்' என்ற பெயரில் அதே காலத்தில் உலகைச் சுற்றியது. தலேர் மெஹந்தியின் 1998-ஆம் ஆண்டுப் பஞ்சாபிப் பாட்டு 'துனக் துனக் துன்' மேலை நாட்டு இளைஞர்களிடம் ஒரு கூத்தாகவே ஆனது. கடைசியில் அந்த நடனம் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கணினி விளையாட்டின் ஒரு பாத்திரத்துக்கு ஆட்டமாகவும் போய் உட்கார்ந்தது.

ஏன் இந்தியப் பாட்டுகள்? நம் திரைப்பாட்டைக் கதையிலிருந்து பிய்த்து எடுப்பது எளிது. நாலைந்து நிமிடத்தில் தொடங்கி முடிந்துவிடும். நடுவில் நாலு முறை உடை மாறும், இரண்டு முறை ஊர் மாறும். காரணம் கேட்காமல் ஐம்பது பேர் பின்னால் வந்து ஆடுவார்கள். திரைக்கதையோடு பார்த்துப் பழகிய நமக்கு இதில் விசேஷம் எதுவுமில்லை. கதை தெரியாமல் பார்ப்பவருக்கோ ஒவ்வொரு விநாடியும் ஆச்சரியம். இன்னொரு காரணம் வணிகம் சார்ந்தது. வி.சி.டி.யிலிருந்து பாட்டை வெட்டி ஏற்றுவதை அன்றைக்குத் தடுக்க ஆளில்லை. உரிமையாளர் தன் படத்துண்டை அடையாளம் கண்டு விளம்பரக் காசு கேட்க உதவும் 'கன்டென்ட் ஐடி' முறையை யூடியூப் 2007 அக்டோபரில்தான் கொண்டுவந்தது. தமிழ்த் தயாரிப்பாளர்கள் அதைக் கையில் எடுக்க இன்னும் பல வருஷம் ஆயிற்று. பென்னி லாவாவுக்குச் சிரித்தவர்களிடமிருந்து படக்குழுவுக்கு ஒரு காசும் வந்திருக்க வாய்ப்பில்லை.

2011 நவம்பர் 16. ஐஸ்வர்யா ஆர். தனுஷ் இயக்கிக்கொண்டிருந்த '3' படத்தின் ஒரு பாட்டு, முழுமையடையாத வடிவில் ஏற்கெனவே இணையத்தில் கசிந்திருந்தது. கசிந்தது கசிந்ததுதான், நாமே ஒழுங்காக வெளியிட்டுவிடுவோம் என்று சோனி மியூசிக் அன்று 'ஒய் திஸ் கொலவெறி டி'யை யூடியூபில் போட்டது. வெளிநாட்டுப் படப்பிடிப்பு இல்லை, நடனக் குழு இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் தனுஷ் பாடுகிறார். முதல் படத்துக்கு இசையமைக்கும் அனிருத்தும் ஸ்ருதி ஹாசனும் ஐஸ்வர்யாவும் பக்கத்தில் இருக்கிறார்கள். அவ்வளவுதான் காட்சி. வரிகள் அடியில் ஓடுகின்றன. காதலில் தோற்றவன் புலம்பும் 'சூப் சாங்' என்று பாட்டே தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது.

நாலாண்டுக்கு முன் ஓர் அமெரிக்கர் தமிழுக்குத் தப்பும் தவறுமாக ஆங்கிலம் பூசினார். இங்கே தனுஷே தப்பும் தவறுமான ஆங்கிலத்தை வேண்டுமென்றே எடுத்து, தமிழ் நாக்குக்குத் தோதாக வளைத்துப் பாடினார். வெளியாள் சிரிப்பதற்கு முன் பாட்டு தானே சிரித்துவிட்டது. டெல்லிக்கும் மும்பைக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சில வாரங்களுக்குள் குழந்தைக் குரல் வடிவம், பெண்கள் திருப்பிப் பாடிய பதில் வடிவம், அரசியல் கேலி வடிவம் என்று நூற்றுக்கணக்கில் நகல்கள் முளைத்தன. சொற்கள் ரசனைக்கே அவமானம் என்கிற தொனியில் இந்திக் கவிஞர் ஜாவேத் அக்தர் ட்விட்டரில் கடிந்துகொண்டார். அதுவும் பாட்டுக்கு விளம்பரமானது. டிசம்பர் கடைசியில் ஜப்பான் பிரதமர் யோஷிஹிகோ நோடாவுக்குப் பிரதமர் மன்மோகன் சிங் கொடுத்த விருந்துக்குத் தனுஷுக்கும் அழைப்பு போயிற்று. 2012 மார்ச் 30 அன்று படம் வந்தபோது, பாட்டு ஓடிய ஓட்டத்தில் பாதிகூட அதற்கு வாய்க்கவில்லை.

கொலவெறிக்குப் பிறகு தமிழ்ப் படத்தொழில் ஒரு பாடம் கற்றது. கேசட், சி.டி. காலத்தில் மேடை போட்டு நடந்த இசை வெளியீட்டு விழாவுக்கு முன்பே, 'சிங்கிள்' என்று ஒரு பாட்டை மட்டும் இணையத்தில் விடுவதும், வரிகள் ஓடும் 'லிரிக் வீடியோ' செய்வதும் வழக்கமாயின.

இன்னொரு பக்கம், யாரும் திட்டமிடாமல் ஒரு மீம் தேசம் உருவாகிக்கொண்டிருந்தது. ஆதித்யா, சிரிப்பொலி போன்ற நகைச்சுவை சேனல்கள் கவுண்டமணி-செந்தில், வடிவேலு, விவேக் காட்சிகளை இரவும் பகலும் சுழற்றியதில், ஒரு தலைமுறைக்கே வசனங்கள் வரிவரியாக மனப்பாடமாயின. ஃபேஸ்புக்கில் ட்ரோல் பக்கங்கள் கிளம்பியபோது கச்சாப் பொருள் தயாராக இருந்தது. வடிவேலுவின் முகத்தில் இல்லாத உணர்ச்சி இல்லை. தேர்தல் முடிவோ கிரிக்கெட் தோல்வியோ, எதற்கும் அவர் காட்சி ஒன்று 'டெம்ப்ளேட்' ஆயிற்று. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும், ப்ரௌசிங் சென்டரில் மணிக்கணக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்களின் கைக்கே இது முழுவதும் வந்துவிட்டது. தமாஷ் என்னவென்றால், அந்த ஆண்டுகளில் வடிவேலு திரையில் தலைகாட்டியதே அபூர்வம். ஃபோனில்தான் தினமும் நடித்துக்கொண்டிருந்தார்.

2019 மே கடைசியில், பாகிஸ்தானிலிருந்து நடத்தப்படுவதாகச் சொல்லப்பட்ட ஒரு கட்டடப் பொறியியல் ஃபேஸ்புக் பக்கம், சுத்தியல் படம் ஒன்றைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. தமிழர் ஒருவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் பதில் எழுதினார். இதன் பெயர் சுத்தியல், எதையாவது அடித்தால் டங் டங் என்று சத்தம் வரும், ஜமீன் அரண்மனையில் வேலை பார்த்தபோது பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலை இதனால்தான் உடைந்தது, பாவம். 'ஃப்ரெண்ட்ஸ்' (2001) படம் பார்த்த எவருக்கும் விஷயம் புரிந்துவிடும். சித்திக் தன் மலையாளப் படத்தைத் தானே தமிழில் எடுத்த அந்தப் படத்தில், ரமேஷ் கண்ணா நடித்த கிருஷ்ணமூர்த்தியின் கையிலிருந்து நழுவும் சுத்தியல் நேசமணியாக நடித்த வடிவேலுவின் மண்டையில் இறங்கும். ஆனால் பதிலைப் படித்த இன்னொருவர் உண்மையிலேயே பதறி, அவர் இப்போது நலமா என்று விசாரித்தார்.

அந்த ஒரு விசாரிப்பு போதுமானதாக இருந்தது. 'ப்ரே ஃபார் நேசமணி' ஹேஷ்டேக் ட்விட்டரில் இந்தியாவைத் தாண்டி உலக ட்ரெண்டிங் பட்டியலுக்குள் ஏறியது. மருத்துவமனை அறிக்கை வந்தது, சி.சி.டி.வி. ஆதாரம் வந்தது, கிருஷ்ணமூர்த்தியைக் கைதுசெய்யக் கோரிக்கை வந்தது. விளம்பரக் கம்பெனிகளும் வரிசையில் சேர்ந்துகொண்டன. மே 30 அன்று நரேந்திர மோடி இரண்டாம் முறை பிரதமராகப் பதவியேற்ற நாளில், தமிழ் ட்விட்டரின் கவலை நேசமணியின் மண்டையைப் பற்றியதாக இருந்தது. அதை அரசியல் என்று படித்தவர்களும் உண்டு, சும்மா அலப்பறை என்று ஒதுக்கியவர்களும் உண்டு. வட இந்தியச் செய்தி நிறுவனங்கள் யார் இந்த நேசமணி என்று விளக்கக் கட்டுரைகள் எழுதின. பென்னி லாவா காலத்தில் பொருள் தெரியாதவர்கள் சிரித்தார்கள், தெரிந்தவர்கள் நெளிந்தார்கள். இம்முறை சிரித்தது உள்ளே இருந்தவர்கள். வெளியே இருந்தவர்கள் வாசலில் நின்று என்ன விஷயம் என்று கேட்டார்கள்.

அதே ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரி 2 அன்று, 'மாரி 2' படத்தின் 'ரவுடி பேபி' வீடியோ யூடியூபுக்கு வந்திருந்தது. யுவன் சங்கர் ராஜாவின் இசை, தனுஷும் தீயும் பாடியது, தனுஷும் சாய் பல்லவியும் ஆடியது. நடனம் அமைத்தவர் பிரபுதேவா. இங்கே எவரும் தப்பாக சப்டைட்டில் போடவேண்டிய அவசியம் வரவில்லை. சாய் பல்லவியின் ஆட்டத்தைப் பார்க்கவே உலகம் திரும்பத் திரும்ப வந்தது. வீடியோ இருந்ததும் தனுஷின் சொந்த நிறுவனமான வுண்டர்பாரின் சேனலில். 2020 நவம்பரில் நூறு கோடிப் பார்வைகளைத் தொட்ட முதல் தென்னிந்தியப் பாட்டு அது. தொட்ட தேதி நவம்பர் 16, கொலவெறியின் ஒன்பதாம் பிறந்தநாள். அந்த ஒற்றுமையைத் தனுஷே ட்விட்டரில் சொல்லி மகிழ்ந்தார்.

அதற்குள் களம் மறுபடி மாறிவிட்டிருந்தது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு குறும் வீடியோச் செயலியான டிக்டாக்கைத் தடைசெய்தது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வந்தது. யூடியூப் தன் ஷார்ட்ஸை செப்டம்பரில் முதன்முதலில் சோதித்துப் பார்த்ததும் இங்கேதான். ஐந்து நிமிடப் பாட்டுக்குள் பதினைந்து விநாடி பிரித்தெடுக்கத்தக்கதாக இருக்கவேண்டும் என்பது இப்போது இசையமைப்பாளருக்கும் நடன இயக்குநருக்கும் எழுதப்படாத நிபந்தனை. 2022 பிப்ரவரி 14 அன்று 'பீஸ்ட்' படத்தின் 'அரபிக் குத்து' லிரிக் வீடியோவாக வெளிவந்தபோது, அதில் வந்த சில அசைவுகளைப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் ஆடித் தள்ளினார்கள். முழுப்பாட்டையும் திரையரங்கில் பார்க்க அவர்கள் ஏப்ரல் வரை காத்திருக்கவேண்டியிருந்தது.