கல்லை விட்டுட்டு மேலே வந்தவங்க

வெள்ளகோவில்ல இருந்து இந்த வாரம் ஸ்கூபா. சிலிண்டரை முதுகுல மாட்டாம விலாவோரம் மாட்டுறதுதான் சைடுமவுண்ட். அதுக்கு எந்த ஹார்னெஸ் வாங்கலாம்? வரலாறே பதில் சொல்லும்.

தூத்துக்குடியில் முத்துக்குளித்தவர்கள் கயிறு கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவார்கள். தரை தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள். படகில் இருப்பவர்கள் அதை இழுத்துக்கொள்வார்கள். எடை இறங்குவதற்கு மட்டும்தான். அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது.

அந்த 1960-களில்தான் இங்கிலாந்துக் குகைகளில் சிலிண்டர் இடுப்பு பெல்ட்டுக்கு வந்தது. இடுக்குகளில் பாதி தூரம் தவழ்ந்தே போனதால் மிதவைப் பை தேவைப்படவில்லை. புளோரிடா குகைகளிலோ முழுக்க நீர், அந்தரத்தில் மிதக்கணும். அதனால் காற்றுப்பையும் சேர்ந்தது.

அதனால "எது பெஸ்ட்?"னு கேக்காம, "நான் எங்க இறங்கப் போறேன்?"னு கேளுங்க. 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர்ல சுமார் 2.5 கிலோ காற்று இருக்கும். அது குறையக் குறைய சிலிண்டரோட அடிப்பக்கம் மேலே தூக்கும்; கொக்கியை நகர்த்தி மாட்ட வழி இருக்கணும். ரெண்டு சிலிண்டரும் நிறைஞ்சிருக்கும்போது உங்களைத் தூக்குற அளவுக்குக் காற்றுப்பை வேணும். திறந்த கடல்னா, ஆபத்துல ஈயத்தையும் அந்தக் கல்லு மாதிரி கழட்டி விட முடியணும்.