டச்சு ஆவணங்களில் கொச்சி யூதர்களின் குடும்ப வரலாறு

கொச்சி யூதர்களின் வம்சாவளியைத் தேடுவோர் கொச்சிக்குப் போவதோடு சென்னை எழும்பூருக்கும் வர வேண்டும். 1663 முதல் 1795 வரை கொச்சியைத் தன்வசம் வைத்திருந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பதிவேடுகள் எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மலபார் அன்று சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்ததே இதற்குக் காரணம். தாய்நாட்டுக்கு அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ளன. டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

இலங்கையின் பறங்கியர் தம் முன்னோரை டச்சுத் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். யூதர்களுக்கு அந்த வழி இல்லை. தேவாலயத்தைச் சேராதவர் பெயர் அதன் ஏட்டில் ஏறாது. நெதர்லாந்திலேயே வாழ்ந்த யூதர்களுக்கு 1811 முதல் குடிமைப் பதிவும் நிலையான குடும்பப் பெயரும் கிடைத்தன. அதற்கு முன்பே கொச்சி டச்சுக்காரர் கையைவிட்டுப் போய்விட்டது. எனவே இங்கு யூதர்களைப் பெரும்பாலும் வணிகக் கணக்கிலும் ஒப்பந்தத்திலும்தான் காண முடிகிறது.

ராகாபி குடும்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எசேக்கியேல் ராகாபி 1646இல் சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து கொச்சிக்கு வந்தார். அவர் மகன் தாவீது 1726இல் இறந்தார். தாவீதின் மகனும் எசேக்கியேலே (1694–1771). டச்சுக் கம்பெனியின் தலைமை வணிகராக இருந்தவர் இவர்தான். மிளகு வாங்கித் தந்ததோடு, மலபார் அரசர்களிடம் கம்பெனிக்காகத் தூதும் சென்றார். பரதேசி ஜெப ஆலயத்தின் மணிக்கூண்டு 1760இல் இவர் கட்டியது. இவருடைய மகன் ஒருவருக்கும் தாவீது என்றே பெயர்.

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நமக்கும் பழக்கமானதே. பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. ஆராய்வோருக்கு இதுதான் பெரிய தொல்லை. ஆண்டைக் கவனிக்காமல் பெயரை மட்டும் பார்த்தால் பாட்டன் செய்த வணிகம் பேரன் கணக்கில் சேர்ந்துவிடும். எபிரேயக் கல்லறைக் கல்வெட்டோடு ஒப்பிட்டே ஆளை உறுதிசெய்ய வேண்டும். அங்கும் ஆண்டுக்கணக்கு வேறு: யூத ஆண்டு 5531 என்பது 1770 செப்டம்பரில் தொடங்கி 1771 செப்டம்பரில் முடிகிறது.

அரசு ஆவணங்கள் தவிர வேறு டச்சுத் தொடர்புகளும் உதவுகின்றன. ஆம்ஸ்டர்டாம் யூதரான மோசே பெரேரா தெ பைவா 1686இல் கொச்சிக்கு வந்து, அங்கிருந்த குடும்பங்களையும் அவை எந்தெந்த ஊர்களிலிருந்து வந்தவை என்பதையும் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு 1687இல் ஆம்ஸ்டர்டாமில் போர்த்துகீசிய மொழியில் அச்சாயிற்று. கொச்சியின் டச்சுத் தலைவர் அத்ரியான் மூன்ஸ் 1781இல் எழுதிய அறிக்கையிலும் யூதர்களைப் பற்றிய பகுதி உண்டு. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சென்னை அரசு 1911இல் வெளியிட்டது. டச்சு மொழி தெரியாத மாணவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

இவை பெரும்பாலும் செல்வர்களின் வரலாறே. பெண்களின் பெயர் அரிதாகவே வருகிறது. பரதேசி யூதர்களிடம் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் வழித்தோன்றல்களுக்கு நிலைமை இன்னும் கடினம். கொச்சியின் அடிமை விற்பனைப் பத்திரங்கள் சில எழும்பூரில் உள்ளன. ஆனால் யூத சமயத்தில் சேர்ந்தவருக்கு எபிரேயப் பெயர் சூட்டப்பட்டதால், பத்திரத்தில் உள்ளவரும் பின்னாளில் ஜெப ஆலயத்துக்கு வந்தவரும் ஒருவர்தானா என்று காட்டுவது எளிதன்று. இருபதாம் நூற்றாண்டில், அந்த ஜெப ஆலயத்தில் சம உரிமை கேட்டு அறவழியில் போராடிய வழக்கறிஞர் ஏ. பி. சேலம் (1882–1967) இத்தகைய குடும்பமொன்றில் பிறந்தவர்.