ஒரே பெயரில் இரண்டு பிரஷர்

"கண்ணுல பிரஷர்னு சொல்றாங்க. பி.பி. மாத்திரை தினமும் போடுறேனே, அப்புறம் எப்படி?" கண் மருத்துவமனை வரிசையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஒரே பெயர். இரண்டையும் பாதரச மில்லிமீட்டரில்தான் அளக்கிறார்கள்.

ரத்த அழுத்தம், இதயம் தள்ளும் வேகமும் குழாய்களின் இறுக்கமும் சேர்ந்து உண்டாக்குவது. கண் அழுத்தம் வடிகால் சமாச்சாரம். கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஓரத்திலுள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிகிறது. வடிவது தடைப்பட்டால் அழுத்தம் ஏறும். 10 முதல் 21 வரை பொதுவாக இயல்பு என்பார்கள். பி.பி. 160 உள்ளவருக்குக் கண்ணில் 14 இருக்கலாம். 110 உள்ளவருக்கு 28 இருக்கலாம். ஒன்றை அளந்து மற்றதை ஊகிக்கவே முடியாது.

ஆனாலும் இரண்டும் ஓரிடத்தில் மோதுகின்றன: பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில். அந்த நரம்புக்குப் போகும் ரத்தம் கண்ணின் அழுத்தத்தை எதிர்த்துத்தான் நுழைய வேண்டும். பி.பி.யின் கீழ் எண் 80, கண் அழுத்தம் 16 என்றால், இடைவெளி 64. இரவில் படுத்தால் பி.பி. இறங்கும், கண் அழுத்தமோ ஏறும். கீழ் எண் 55, கண்ணில் 24 என்று ஆனால், மிஞ்சுவது வெறும் 31. பகலில் கிளினிக்கில் எடுக்கும் அளவில் இது தெரியாது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்த ஆய்வு 1995இல் வெளியானது. இந்த இடைவெளி மிகக் குறைந்தவர்களிடம், பார்வை நரம்பைச் சிதைக்கும் கிளாக்கோமா நோய் சுமார் ஆறு மடங்கு அதிகம் என்றது அது.

அதனால் பி.பி. அதிகமாக இருப்பதே கண்ணுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல வருட உயர் அழுத்தம் நுண்குழாய்களைக் கெடுக்கிறது. வயது ஏற ஏற அந்தச் சேதம் பார்வை நரம்பையும் தொடும். பயப்பட வேண்டியது இன்னொன்றுக்கும்: அளவுக்கு மீறிய இறக்கம். கிளாக்கோமா உள்ளவர் இரவில் பி.பி. மாத்திரை போடுகிறார் என்றால், அந்த நேரத்தைப் பற்றிக் கண் மருத்துவரும் பி.பி. பார்க்கும் மருத்துவரும் பேசிக்கொள்வது அவசியம் என்பது என் உறுதியான எண்ணம். நோயாளி தாமாக மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது, பக்கவாதம் காத்திருக்காது.

மருந்திலும் இந்த உறவு உண்டு. கண் அழுத்தத்தைக் குறைக்கும் டிமோலால் சொட்டு மருந்து, இதயத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர் குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணில் விட்டது மூக்குக் குழாய் வழியே இறங்கி ரத்தத்தில் கலந்து, நாடித் துடிப்பைக் குறைக்கலாம். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு முட்டலாம். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் மூலையை விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து ரத்தத்தில் கலப்பது குறையும்.