மொந்தையும் குவார்ட்டரும்

'சேரிக்காரன் குடிச்சே அழிஞ்சான்' என்று சொல்லாத வாயில்லை. ஊற்றியது யார், சேரிப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பாரில்லை.

தமிழில் குடி ஆணுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்தல்ல. அதியமானோடு கள் பகிர்ந்ததை ஔவை புறநானூற்றில் (235) பாடியிருக்கிறாள். மேட்டுக்குடிப் பெண்களிடமிருந்து பறிபோனது, வயல்காட்டில் நெடுங்காலம் இருந்தது. பூந்தமல்லிப் பக்கம் நாற்று நட்ட எங்க ஆயா சொல்லும்: "கள்ளுக்கடை தொறந்திருந்தப்ப ஆம்பிளைக்கு ஒரு மொந்தைன்னா எங்களுக்கும் ஒரு மொந்தை. வரப்புல குந்திக் குடிச்சிட்டுப் போயி நட்டோம். யாரு தப்பாப் பேசுனா?"

1886ஆம் ஆண்டின் மதராஸ் அப்காரிச் சட்டம் அந்தக் கள்ளைக் கஜானாவோடு இறுக்கிக் கட்டியது. குடிக்கு எதிரான குரலும் நம்மிடம் இருந்தது. 1898இல் அயோத்திதாசர் தழுவிய பௌத்தத்தின் பஞ்சசீலத்தில் மது அருந்தாமையும் ஒன்று. காங்கிரஸ்காரர்கள் வந்துதான் நமக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது பொய்.

1937இல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் கடைகளைத் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள். 1987இல் கள்ளும் சாராயமும் தடையாயின. பாட்டில் சரக்கு நின்றது. 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடையும் அரசின் டாஸ்மாக் கைக்குப் போனது.

பெண் வெளியேற்றப்பட்டது இங்கேதான். அம்பத்தூர், ஆவடியில் பனை விழுந்து கம்பெனி எழுந்தது. மொந்தை போய் குவார்ட்டர் வந்தது. கள்ளில் போதைச்சத்து ஏறக்குறைய 5 சதம். பிராந்தியில் 42.8. வரப்பில் குந்திக் குடித்தவளுக்கு பாரில் இடமில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 சதம் பேர் குடிக்கிறார்கள், பெண்களில் 0.3 சதம். வெட்கப்பட்டு மறைத்தவர்களும் இருக்கலாம். அந்த வெட்கம் எங்க ஆயாவுக்கு இருந்ததில்லை.

குடி அவளை விட்டுப் போனது; குடியின் செலவு போகவில்லை. டாஸ்மாக் வருவாய் 2003–04இல் சுமார் 3,640 கோடி ரூபாய். 2023–24இல் 45,855 கோடி. எஸ்டேட்டில் காண்டிராக்ட் வேலை செய்பவன் சனிக்கிழமைக் கூலியைக் கடையில் வைத்துவிட்டு வருகிறான். திங்கட்கிழமை அரிசிக்கு அவள் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். அந்தக் கோடிகளில் அவள் கைத்தேய்மானமும் இருக்கிறது.

மலிவாகக் கிடைத்ததைக் குடித்தவர்களுக்குச் சாவு வந்தது. 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் கொன்ற மெத்தனால், நம் மேற்குப் புறநகரின் வானகரத்து ஆலை ஒன்றிலிருந்து போனதாகக் காவல்துறை சொன்னது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதிகம் பறிகொடுத்தது கருணாபுரம் சேரி. செத்தவர்களில் பெண்களும் உண்டு.

கடையை மூடச் சொல்லி மறியலில் உட்காரும் பெண்ணை ஒழுக்கத்தின் காவலாளி ஆக்காதீர்கள். அவள் கூலிக் கணக்குக் கேட்க வந்திருக்கிறாள்.