கல்லின்மேல் நின்ற மரங்கள்

மதீனத்துப் பள்ளியின் முதல் தூண்கள் பேரீச்ச மரத்தின் அடித்தண்டுகளே என்பதை நம் வீட்டுச் சிறார்களும் அறிவர். உதுமான் (ரலி) அவர்கள் காலத்தில் அவற்றின் இடத்தில் கற்றூண்கள் எழுந்தன. கூரைக்குத் தேக்கு வந்தது. கல் எளிதில் கிடைக்கும் நாடுகளில் மரத்தூணின் வரலாறு இவ்வாறு விரைவில் முடிந்துவிடுகிறது. கல் அரிதான நாட்டில் என்ன செய்தார்கள்?

இன்றைய உஸ்பெகிஸ்தானில், ஆமூ தர்யா நதியின் கீழ்ப்படுகையில் கீவா நகரம் இருக்கிறது. அங்கு ஒரு ஜும்ஆப் பள்ளி இருந்ததைப் பத்தாம் நூற்றாண்டிலேயே பயணியார் முகத்தஸீ குறித்திருக்கிறார். இன்று நாம் காணும் கட்டிடம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. குவிமாடம் இல்லை, வளைவுகள் இல்லை. தட்டையான கூரையை இருநூற்றுக்கு மேற்பட்ட மரத்தூண்கள் தாங்குகின்றன. தூண்களோ ஒரே காலத்தவை அல்ல. சில, கட்டிடத்தைவிட ஏழெட்டு நூற்றாண்டுகள் மூத்தவை. குவாரிஸ்மின் பழந்தலைநகரான காத்திலிருந்து இவை வந்தன என்பர். அந்தக் காத்தில்தான் 973இல் அல்பிரூனி பிறந்தார். அந்நகரின் கோட்டையை நதி சிறிது சிறிதாக அரித்துத் தின்றதை அவரே எழுதிவைத்திருக்கிறார். ஊர் ஆற்றோடு போயிற்று, தூண்கள் பிழைத்தன!

பல இடங்களிலிருந்து வந்த மரங்களை ஒரே கூரையின் கீழ் நிறுத்துவது எளிய வேலையா? ஒன்று நெடிது, ஒன்று குறிது. மேலே உத்தரமோ ஒரே மட்டத்தில் ஓட வேண்டும். தச்சர் மரத்துக்கேற்பக் கல்லையும், கல்லுக்கேற்ப மரத்தையும் பொருத்தினர். ஆகவேதான் அங்குள்ள அடிக்கற்கள் ஒரே வடிவில் இல்லை.

தூணின் அடிப்பகுதியைச் செதுக்கிய முறையே நம்மை வியக்க வைக்கிறது. உறுதிமிக்க எல்ம் மரத்தின் அடித்தண்டை எடுத்து, கீழ்ப்புறத்தில் குடம்போல உருட்டி, அதற்கும் கீழே கழுத்தாகச் சிறுக்கி, அந்தச் சிறு பாதத்தை அடிக்கல்லின்மேல் அமர்த்தினர். அக்குடத்தை அவர்கள் 'கூஸாகி' என்பர். பாரசீகக் 'கூஸா'வின் வழிவந்த சொல் அது. நம் பாட்டிமார் பயணத்துக்குக் கொண்டுபோன கூஜாவும் அதே சொல்லே.

கனத்த மரத்தை இப்படி மெலிய வைப்பது பேதைமையாகத் தோன்றலாம். ஆனால் அங்கே மண் உவர்மண். ஈரம் கல்லின் வழியே ஏறி மரத்தை உளுக்கச் செய்யும். தொடும் பரப்புக் குறையக் குறைய ஈரம் ஏறும் வழியும் குறைகிறது. பாரமோ நேர்கீழாக இறங்குவதால் சிறு பாதமே அதைத் தாங்கப் போதுமானது. கல்லுக்கும் மரத்துக்கும் இடையே கம்பளித் துண்டு வைக்கும் வழக்கமும் இருந்ததாகச் சொல்கின்றனர்.

கீவாவின் கான்களைப் பற்றி நூல்கள் நிறைய உண்டு. உளி பிடித்த இந்தக் கைகளுக்கு அவற்றில் எத்தனை வரி கிடைத்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

1873இல் ருஷ்யப் படை நகரைக் கைப்பற்றியது. தூண்கள் அதையும் பார்த்து நின்றன. ஆனால் சோவியத் ஆட்சியில் பருத்திக்காக விரிந்த கால்வாய்ப் பாசனம், நிலத்தடி நீரை உப்போடு மேலே ஏற்றிவிட்டது. 1990இல் யுனெஸ்கோ கீவாவின் உள்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பழைய தச்சர் எந்த ஈரத்துக்கு அஞ்சித் தூணின் பாதத்தைச் சிறுக்கினார்களோ, அதே ஈரத்தோடுதான் கீவாவின் கட்டிடங்களைப் பழுதுபார்ப்போர் இன்றும் போராட வேண்டியிருக்கிறது.