மிதந்த சீமெந்து

சீமெந்தில வள்ளம் கட்டலாம் எண்டால் சிரிப்பீங்கள். பிரான்ஸில லம்போ என்பவர் 1848இலேயே கம்பிவலைக்குச் சீமெந்து பூசி ஒன்றை மிதக்கவிட்டவர்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இலினொய் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள் அதையே வகுப்பு ஒப்படையாகச் செய்தார்கள். பக்கத்து மாநிலத்துப் பெர்டியூ பல்கலைக்கழகப் பெடியள் சும்மா விடுவினமா? 1971இல் இரண்டு வள்ளங்களும் போட்டிக்கு இறங்கின. வென்றது இலினொய். 1988இல் அது தேசியப் போட்டியாகவே வளர்ந்துவிட்டது.

எனக்குப் பிடிச்சது அதிலுள்ள ஒரு சோதனை. வள்ளத்துக்குள் தண்ணீரை நிரப்பி அமிழ்த்துவார்கள். அது தானாக மேலே வரவேணும். அதுக்காக மணலுக்கும் கல்லுக்கும் பதிலா, உள்ளே வெறுமையான நுண்ணிய கண்ணாடிக் குண்டுகளைக் கலந்து, தண்ணீரைவிடப் பாரம் குறைந்த கொங்கிறீற் செய்யினம். சில அணியள் வள்ளத்தின் இரண்டு முனையிலும் நுரைத்துண்டு வைச்சு மேலே பூசிவிடுவினம். கள்ள வேலை எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை.